மூன்றாம் பத்தி

வெள்ளிக்கிழமை நாகர்கோவிலில்
ஆட்சியர் முன்னால் வைக்க வேண்டும்.
இரண்டு பக்கத்துக்கு மேல் போனால்
மேசைக்கு அடியில் போய்விடும் என்றார்
பங்குப்பேரவைச் செயலாளர் ததேயு.
"நீ பி.எட். படிச்சவ.
வாசிச்சா ஆளு மசியணும், பாத்துக்கோ."

வலைக்கடை ரசீதின் பின்பக்கம்
முதலில் கணக்கு எழுதினேன்.
போன ஆனியில் கடல் கொண்டது:
வீடு பதினேழு.
அங்கன்வாடி ஒன்று.
கல்லறைத் தோட்டத்தின் தெற்குச் சுவர்,
சுவரோடு மூன்று பெயர்கள்.
அடுக்களை மட்டும் போன பிரிஸ்கா வீட்டை
அரை என்று போடலாமா?
அரையைக் கண்டால் அதிகாரிகள் சிரிப்பார்கள்.
பதினெட்டு என்று திருத்தினேன்.
பிரிஸ்கா மிச்ச அறையில்தான் இன்னும்
கட்டிலுக்குப் பக்கத்தில் அடுப்பை வைத்துப் பொங்குகிறாள்.

தொடக்கம் மூன்று முறை மாறியது.
"அலையின் தாலாட்டில் கண்வளரும் குருசுமுனை" –
அடித்தேன்.
கூட்டம் பகல் பதினோரு மணிக்கு,
யாரையும் தூங்கவைக்கப் போகவில்லை.
"கடல் எங்கள் தாய்" –
அதையும் அடித்தேன்.
தாய்மேல் பிராது கொடுக்கப் போகிறவள்
அப்படித் தொடங்கினால் எடுபடாது.
கடைசியில் நின்றது இவ்வளவுதான்:
"எங்கள் ஊருக்கு ஒரு தூண்டில் வளைவு வேண்டும்."
கல் மாதிரி வாக்கியம்.
கால் வைத்து ஏறலாம்.

இரண்டாம் பத்தி தானாக வந்தது.
இஞ்சினைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டுப்
பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிய இரவு,
யார் வீட்டுப் பானை யார் வாசலில் ஒதுங்கியது என்று
ஆளாளுக்குச் சொன்னதில் பாதியை வெட்டினேன்.
அழுகையை வெட்டவில்லை,
கடைசி வரிக்குத் தள்ளிவைத்தேன்.

மூன்றாம் பத்தியில் மாட்டிக்கொண்டேன்.
ஒன்பதாம் வகுப்புக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன்:
எதிராளி வாயில் இருப்பதை
அவன் சொல்வதற்குமுன் நீ சொல்,
அவனைவிட நன்றாகச் சொல்.
அதைச் செய்யாத கட்டுரைக்குப்
பத்துக்கு நாலுதான் போடுவேன்.

நிதி இல்லை என்பார்கள்.
அதற்குப் பதில் சுலபம்.
மற்றது சுலபமில்லை.
இங்கே கல்லடுக்கினால் மணல் இங்கே தங்கும்.
கிழக்கே போக வேண்டிய மணல் அது.
கிழக்கே பனவிளைத்துறை.
பனவிளைத்துறையில் என் அக்கா ஜெனோவா.
அவள் வாசலுக்கும் கடலுக்கும் நடுவில்
நாலு தென்னை.

எட்டு மணிக்கு அவளே கூப்பிட்டாள்.
"என்ன செய்யிற?"
"பேப்பர் திருத்துறேன்."
பொய்.
கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.
போனில் அலைச்சத்தம்.
அவள் கரையா என் கரையா,
பிரித்துக் கேட்க முடியவில்லை.

"பக்கத்து ஊர்களுக்குச் சிறிது பாதிப்பு நேரலாம்,
எனினும்"
என்று எழுதி நிறுத்தினேன்.
எனினும்.
அதுவும் ஒரு தூண்டில் வளைவு.
இந்தப் பக்கம் மணலைச் சேர்த்துக்கொண்டு
அந்தப் பக்கத்தை அரிக்க விடும்.

எனினும் என்பதை எடுத்தேன்.
சிறிது என்பதையும் எடுத்தேன்.
மிச்சத்தைக் கிழித்துவிட்டுப் புதுத்தாளில் எழுதினேன்:
"எங்கள் வளைவு பனவிளைத்துறையைத் தின்னும்.
அந்தக் கரையைக் காத்து நிற்பவை நாலு தென்னை.
ஆகவே நாங்கள் கேட்பது இரண்டு வளைவு.
ஒன்றுதான் உண்டு என்றால்
எந்த ஊருக்கு என்று நீங்கள் சொல்லுங்கள்.
நாங்கள் சொல்லமாட்டோம்."

காலையில் பஸ் வருவதற்குள்
ததேயு விரல் வைத்து வாசித்தார்.
மூன்றாம் பத்தியில் விரல் நின்றது.
ரெண்டு கேட்டா ஒண்ணும் கிட்டாது என்பார்,
தெரியும்.
பதிலுக்கு ஐந்து காரணம்
இரவே அடுக்கி வைத்திருந்தேன்.

அவர் பேனா கேட்டார்.
"நாலு" என்பதை அடித்து
மேலே "மூணு" என்று எழுதினார்.

"முந்தாநாள் ராத்திரி ஒண்ணு சாஞ்சுது.
அக்கா ஒனக்குச் சொல்லலியா?"