எட்டுப் புள்ளி நாலு

நீடாமங்கலம் கேட்டில் இன்ஜினை அணைத்துவிட்டு நிற்பது
என்னிடம் மிஞ்சியிருக்கும் ஒரே சிக்கனம்.

மாசி பிறந்தும் விடாத தூறல்.
வைப்பர் அதுபாட்டுக்கு ஆடியது.
போன் சார்ஜில்.
ஹெட்லைட் எரிந்ததைக் கவனிக்கவில்லை
என்றுதான் பிறகு எல்லோரிடமும் சொன்னேன்.

சரக்கு ரயில் வந்தது, நின்றது,
எதையோ மறந்ததுபோல் பின்னால் போனது,
மறுபடி வந்தது.
நாற்பத்திரண்டு பெட்டி. எண்ணினேன்.
அத்தனையும் நாங்கள் கொள்முதல் செய்த நெல்.

கேட் ஏறியது.
சாவியைத் திருப்பினேன்.
டிக்.
திரும்பவும்.
டிக் டிக் டிக் டிக்.
பல்லி சொல்வதுபோல.
எந்தத் திசைக்கு என்ன பலனென்று
கேட்க நேரமில்லை.
மன்னார்குடி பஸ் என் பிடரியில் ஊதியது.

'தள்ளுங்கய்யா, தள்ளி விட்டா எடுத்துரும்.'
'இது ஆட்டோமேட்டிக் வண்டிங்க,
தள்ளினா எடுக்காது.'
'அப்புறம் எதுக்கு அதை வாங்கினீங்க?'
வெற்றிலைக் கட்டு ஏற்றிவந்த மினிவேன்காரர்
உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

ஓரமாகவாவது போகட்டுமென்று
ஐந்தாறு பேர் கைவைத்தார்கள்.
பின்கண்ணாடியில்
நனைந்த முண்டாசு ஒன்று
குனிந்து நிமிர்ந்தது.
அகோரம்.
நான் அவரை அடையாளம் காணும் முன்பே
அவர் என் வண்டியை அடையாளம் கண்டிருக்க வேண்டும்.
கையை எடுக்கவில்லை.

நேற்று அவர் குவியலிலிருந்து
ஒரு பிடி அள்ளி மீட்டரில் போட்டேன்.
இருபது புள்ளி இரண்டு.
பதினேழுக்கு மேல் எடுக்க உத்தரவில்லை,
காயவைத்துக் கொண்டு வாங்க என்றேன்.
'எந்த வெயில்ல?'
அதை எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.

பரோட்டாக் கடை வாசலில் பானெட்டைத் திறந்தார்.
முனையில் பச்சையும் வெள்ளையுமாய்
உப்புப் பூத்திருந்தது.
கடையில் வெந்நீர் வாங்கி ஊற்ற,
சுர்ரென்று நுரைத்துக் கரைந்தது.
பம்புசெட்டுக்கு வைத்திருக்கும் மீட்டரை எடுத்துவந்து
இரண்டு முள்ளையும் வைத்துப் பார்த்தார்.

'எட்டுப் புள்ளி நாலு.
பன்னெண்டுக்கு மேல இருக்கணும் சார்.'

இங்கே அவர் சொல்லியிருக்கலாம்.
எனக்கே வாக்கியம் தயாராகக் கேட்டது,
என் குரலிலேயே.
அவர் முள்ளை வேட்டியில் துடைத்துச்
சட்டைப்பையில் செருகினார்.

டிராக்டரை அணைத்து நிறுத்தினார்.
பின்னால் டிரெய்லர், நீலத் தார்ப்பாய்.
அடியில் அதே நெல்,
தனக்குத்தானே சூடாகிக்கொண்டு.
முளைவிடப் போகும் நெல்லுக்கு
ஒரு புளித்த வாசனை உண்டு.
பதினோரு வருட வேலையில்
நான் அதற்கு எண் எதுவும் குறித்ததில்லை.

சிவப்புக்குச் சிவப்பு.
கறுப்பை என் வண்டியின் வெறும் இரும்பில் கவ்வவிட்டார்.
'அஞ்சு நிமிஷம் ஏறட்டும்.'

அந்த ஐந்து நிமிடம்.
டீ சொல்லட்டுமா என்றேன்.
'குடிச்சாச்சு.'
டிராக்டர் டீசலைக் குடித்துக்கொண்டிருந்தது.
ஒரு நாய் தார்ப்பாயின் ஓரத்தை முகர்ந்து
தும்மிவிட்டுப் போனது.
நாளைக்கு வெயில் வந்தாலும் வரும் என்று
வானிலை அதிகாரிபோல் ஒன்று சொல்லிவைத்தேன்.
அவர் கேபிளைப் பார்த்தபடி இருந்தார்.

வண்டி எடுத்துக்கொண்டது,
ஒன்றுமே நடக்காததுபோல,
பாட்டுப்பெட்டி உட்பட.

பர்சைத் திறந்தேன்.
எவ்வளவு என்ற சொல் பாதியில் நின்றது;
அவர் கேபிளை முழங்கையில் சுற்றியபடி
டிராக்டரில் ஏறிவிட்டிருந்தார்.
அங்கிருந்தே குரல்:
'வழியில அணைச்சிடாதீங்க சார்.
ஒரு தடவை அணைச்சா போச்சு.'

மணியடித்து
கேட் மறுபடி இறங்கியது.
முன்னால் அவர், பின்னால் நான்.
இரண்டு இன்ஜினும் ஓடுகின்றன,
யாரும் எங்கும் போகவில்லை.
தார்ப்பாயின் குழியில் தேங்கிய நீர்
அதிர்ந்து அதிர்ந்து
என் கண்ணாடியில் சிந்துகிறது.

பின்சீட்டில் உறையோடு கிடக்கிறது
ஈரம் பார்க்கும் மீட்டர்.
அதற்கு மட்டும்
போன வாரம்தான் புது பேட்டரி போட்டேன்.