மூன்றும் இருபதும்

ராயக்கோட்டைத் தக்காளி மண்டி.
விடிகாலை நாலரை.
தம்பி கணக்கு எழுதுகிறான்.
பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்,
காஸல் நகரத்து முதியோர் இல்லத்திலிருந்து
மூன்று வார விடுப்பில் வந்தவள்.
மேலே அங்கே வாங்கிய கோட்டு,
காலில் இங்கே வாங்கிய செருப்பு.

"ஜெர்மன் பேசுக்கா, கேப்போம்"
என்கிறார்கள் பெட்டி இறக்கும் பையன்கள்.
பேசினேன்.
தப்பு தெரியாதவர்கள் முன்னால்
நான் அவ்வளவு அழகாகப் பேசுவேன்.

அங்கே இருபத்து மூன்றை
மூன்றும் இருபதும் என்பார்கள்.
வால் முதலில், தலை பிறகு.
முப்பத்தைந்தாம் அறைக்குப் போகவேண்டிய சர்க்கரைக் கஞ்சியை
ஐம்பத்து மூன்றில் வைத்துவிட்டு வந்தேன் ஒருநாள்.
யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
ஆனால் பிர்கிட் சிரித்தாள்
மூக்கு வழியாக,
சின்னதாக, தும்மலை அடக்குவது போல.
அதற்கப்புறம் என்னிடம் மட்டும்
நிறுத்தி நிறுத்திப் பேசினாள்
காது கேளாதவர்களுக்கு வைத்திருக்கும் சத்தத்தில்.

பதினோரு மாதம்
"யா, யா" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் குடியிருந்தேன்.
ஜன்னலைத் திறக்கவா மூடவா என்றாலும் யா.
எதைச் சொல்வதற்கும் முன்னால்
வாசல் தெளிக்கிற மாதிரி
ஒரு மன்னிப்பைத் தெளித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன்.
ஊரில் என்னை வாயாடி என்பார்கள்.
அவள் எந்த விமான நிலையத்தில்
என்னைவிட்டு இறங்கிப்போனாளோ.

மண்டியில் பூல்மணி இருக்கிறாள்.
ஜார்க்கண்டிலிருந்து வந்து எட்டு மாதம்.
பெட்டி எண்ணுவது அவள்தான்.
"பத்து.
பத்து ஒண்ணு.
பத்து ரெண்டு..."
பத்து ஒம்பது முடிந்ததும்
"ரெண்டு பத்து" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
மூக்கு வழியாக.
சின்னதாக.

கோட்டுக்குள் குளிர்ந்தது.
பிர்கிட்டை நானே மடித்து வைத்து
எடுத்து வந்திருக்கிறேன்,
கஸ்டம்ஸில் யாரும் பார்க்கவில்லை.

பூல்மணி திரும்பினாள்.
கோபமில்லை, கூச்சமும் இல்லை.
"எங்க ஊர்ல இப்படித்தான். நீ எண்ணு."
எண்ணினேன்.
நாற்பத்தேழு என்றேன்.
நாலு பத்து ஏழு என்றாள்.
தம்பி எழுதிக்கொண்டான்.
எந்த மொழியில் எண்ணியது என்று குறிக்க
அந்த நோட்டில் கட்டம் இல்லை.

அப்போது ஒரு லாரி பின்னால் வந்தது, பெட்டிமேல் ஏற.
"ஏய்! நீ வருது, தக்காளி சாவுது!"
வினைமுற்று ஒன்றும் உருப்படியில்லை.
லாரி நின்றது.
டிரைவர் திட்டியது தெலுங்கில்.

எங்கள் வீட்டு மொழி அது.
ஒன்றாம் வகுப்பில் "நீள்ளு" கேட்டு,
வகுப்பே சிரிக்க,
தண்ணீர் கிடைக்காமல் அழுதவள் நான்.
இதை எப்படி மறந்தேன்?
தமிழில் எப்போது வாயாட ஆரம்பித்தேன்
என்று யோசித்துப் பார்த்தேன்.
பிடிபடவில்லை.
எவளோடாவது சண்டை போட்ட அன்றைக்கு இருக்கும்.

பதினோரு மணிக்கு மண்டி காலி.
நசுங்கிய தக்காளியை ஆடுகள் பார்த்துக்கொண்டன.
இல்லத்து அலுவலகத்திலிருந்து போன்,
பெயர் இன்றுவரை சரியாகக் காதில் விழாத ஒரு பெண்.
எந்தத் தேதியில் டூட்டி என்று
மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள்.
"யா" உதடுவரை வந்துவிட்டது.
விழுங்கினேன்.
"நில்லுங்க. இன்னொரு தரம். மெதுவா."
ஆண்பால் பெண்பால் எங்கோ இடறியிருக்கும்.
முன்னால் மன்னிப்பு எதுவும் தெளிக்கவில்லை.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
யாரோ தட்டச்சு செய்தார்கள்.
பிறகு சொன்னாள், மெதுவாக:
மூன்றும் இருபதும்.

சாக்பீஸ் எடுத்து
காலிப் பெட்டியின் விளிம்பில் 23 என்று எழுதினேன்.
பூல்மணி எட்டிப் பார்த்தாள்.
"ரெண்டு பத்து மூணு?"
அதேதான் என்றேன்.