உத்தரவாதம் இரண்டு வருடம்

குன்னூர் பெட்போர்டு இறக்கத்தில் எங்கள் பட்டறை.
பெயர்ப்பலகையில் 'ஏற்றுமதி' என்ற சொல்லில்
'ஏ' தவிர மற்றதெல்லாம் பாசி.

மழையில் கரண்ட் போன ஒரு மதியம்
முசிங்குஸி வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார்.
உகாண்டாவில் தேயிலை ஆலை மேலாளர்.
பதினோரு வருடமாய் எங்கள் சி.டி.சி. உருளைதான்.
பிள்ளை பிறந்தால் உடனே படம் அனுப்புவார்,
பாக்கியைத் தவணையில்.

போனைத் திருப்பிக் காட்டினார்:
செம்மண் சரிவை அறுத்துக்கொண்டு
கறுப்பாய், ஈரம் மின்ன, ஒரு சாலை.
அது முடிகிற இடத்தில் புது ஆலை.
வாசலில்
குச்சி குச்சியாய் அடுக்கிய எழுத்து.

"அவங்க மெஷினோட ரோடு வருது,
ரோட்டோட கடன் வருது,
திறந்துவைக்க மந்திரியும் வர்றார்.
உங்க உருளையோட என்ன வரும்?"
சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

இரண்டு வருட உத்தரவாதம், என்றேன்.
சொன்ன பிறகுதான் தெரிந்தது
அது எவ்வளவு சின்னது.

கடைசல் மெஷினிலிருந்து சந்தனராஜ்
கையைத் துடைக்காமலே எட்டிப் பார்த்தார்.
பதுளையில் பிறந்தவர்.
எங்கோ இரண்டு பேர் போட்ட கையெழுத்தில்
ஏழு வயதில் கப்பலேறி
கோத்தகிரி குளிருக்கு வந்து சேர்ந்தவர்.
ரோட்டைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்:
"எத்தன வருஷக் கடனாம்?"

முசிங்குஸிக்குத் தெரியவில்லை.
அந்தக் காகிதம் தலைநகரில் இருக்கிறதாம்.
ஆனால் மழைக்காலத்தில்
வலி கண்டவளை இனிக் கட்டிலோடு
தூக்கிப் போக வேண்டாம் என்றார்.
அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

கரண்ட் வந்தது.
உருளைக்குப் பல் வெட்டும் மெஷின் உறுமியது.
அதன் விலாவிலும் அதே குச்சி எழுத்து;
பாதி விலை என்று போஜன் சார் போன வருடம் இறக்கியது.
'நிறுத்து' பொத்தானுக்கு மட்டும்
தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

பழைய கோப்பைப் புரட்டினேன்.
எங்கள் முதல் ஆர்டர், பதினோரு வருடத்துக்கு முன்.
மேல் மூலையில் நீல முத்திரை:
இந்திய அரசின் கடனுதவியில்.
அன்றைக்கு எந்த ஊரில், எவன் பட்டறையில்
போன் அடிக்காமல் கிடந்ததோ.

வைக்கும் முன் முசிங்குஸி சொன்னார்:
"புது மெஷினுக்கு உதிரிபாகம் வர ஆறு மாசமாம்.
பழைய உருளை ஒரு செட்
பல் தீட்டி அனுப்புவீங்களா?
ரோடு இப்ப நல்லாயிருக்கு,
சீக்கிரம் வந்துடும்."

சந்தனராஜ் விலையைச் சொன்னார்.
தகரக் கூரை மழைக்கு மேல்
நான் அதைக் கத்திச் சொன்னேன்,
இரண்டு தடவை.