விளையுள்

பதினாலு வாங்குகளில் ஒன்பதை உடைத்தேன்.
மலைவேம்பு. கந்தளாயிலிருந்து லொறியில் வந்த பலகை.
பக்கங்களுக்கு பிளைவூட், கடனுக்கு.
இப்போது பிள்ளைகள் திரையில் படிக்கிறார்கள்,
கொழும்பில் ஒருவர் பேச, இங்கே கட்டிலில் கிடந்து.
எனக்கு மிச்சம்
ஒரு கொட்டகை, சுண்ணாம்புத் தூள்,
வாசலில் கட்டியிருந்த பன்னிரண்டடிப் பதாகை:
உயர்தர பௌதிகவியல், கோட்பாடும் மீட்டலும்.
பக்கத்தில் கோட்டுப் போட்டு நான்.

மேகலா காணிக் கந்தோரால் வந்து
செருப்பைக் கழற்றாமலே கேட்டாள்:
"இது எந்த ஊருக்குப் போக?"
யோசித்துச் சொன்னேன்,
"திரும்பி வர."

இருபது வருடம் கரும்பலகையில் படகு கீறினவன்.
காற்று ஒரு அம்பு, பாய் ஒரு கோடு.
கூறாக்கு, கூட்டு, விளையுள் முன்னோக்கி.
எதிர்க்காற்றிலும் ஏறலாம் என்று நிறுவி
கீழே இரண்டு கோடு போடுவேன்.
பின்வாங்கில் ஒரு பிள்ளை, சுலோசினி, திருக்கடலூர்:
"சேர், நீங்க ஏறிப் பாத்தனீங்களா?"
சிரித்தார்கள்.
அடுத்த வினாவுக்குப் போனேன்.

விலா வளைய மறுத்தது.
வெந்நீர், ஈரச்சாக்கு, பிறகு கெட்ட வார்த்தை.
கிண்ணியா நவ்ஷாத் எபொக்சி கொண்டுவந்தான்:
"வெயிலுக்கு முந்திப் பூசுங்க சேர்,
இல்லாட்டி கோப்பைக்குள்ளயே கல்லாகும்."
கல்லானது. மூன்று கோப்பை.
நடுப்பலகைக்கு முதல் வரிசை மேசை.
சீவுளியை வைத்தபின்தான் பார்த்தேன்,
கவராயத்தால் தோண்டிய பெயர்கள், ஒரு தொலைபேசி இலக்கம்,
என்னுடைய கேலிப்படம். மூக்கு நீளம்.
அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுச் சீவினேன்.

பதிவுப் படிவத்தில் நோக்கம் என்றொரு கட்டம்.
மீன்பிடி / சுற்றுலா. பொருந்தாததை வெட்டுக.
இரண்டையும் வெட்டிப்
பரிசோதனை என்று எழுதினேன்.
கடற்படைப் பெடியன் சுற்றி வந்து
பின்னால் குனிந்து பார்த்து,
"எஞ்சின் நெத்த?" என்றான்.
பாயைக் காட்டினேன்.
பாயிலிருந்த முகத்தைப் பார்த்தான்,
என் முகத்தைப் பார்த்தான்,
முத்திரை குத்தினான்.

ஆனி மாதம். காலை ஆறரை.
வலை பொத்திக்கொண்டிருந்தவர்களில் நாலு பேர்
கேளாமலே தள்ளினார்கள்.
பதாகை உப்பியது. அதில் என் கன்னம் உப்பியது,
கோட்டுப் பொத்தான் தெறிக்குமாப்போல.
ஓடியது!
கோணேசர் மலை வலப்பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று
பின்னுக்குப் போனது.
எஞ்சின் இல்லாத சத்தத்தை அன்றுதான் கேட்டேன்,
பலகைக்குக் கீழே யாரோ
மெல்லப் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

எட்டரைக்குச் சோளகம் எழும்பியது.
திரும்ப வேண்டும். அந்த வினா இதுதான்.
நடுப்பலகையை அமத்தினேன், போகவில்லை.
தண்ணீர் குடித்து, ஊதி, பொந்துக்குள் இறுகிப்
பாதியில் நின்றது,
மூக்கை மட்டும் வெளியே நீட்டி.
சுக்கானைத் தள்ளினேன்.
அணியம் தெற்கைப் பார்த்தது,
படகு நண்டுபோல் வடக்கே, வடக்கே.
உப்புவெளி ஹோட்டல் குடைகள் ஒவ்வொன்றாய்க் கடந்தன.
ஒரு வெள்ளைக்காரி கையசைத்தாள்.
உராய்வைப் புறக்கணிக்குக, பக்க நழுவலைப் புறக்கணிக்குக என்று
எத்தனை வினாத்தாள் அடித்திருப்பேன்!

ஃபைபர் படகொன்று வேகத்தைக் குறைத்தது.
"சேர், இழுக்கவோ?"
யாரென்று தெரியவில்லை, சேர் என்கிறான்.
வேண்டாமென்று கை காட்டினேன்.
கயிற்றைக் கையில் வைத்தபடியே
கொஞ்சத் தூரம் கூட வந்தான்.

சல்லியில் மணல் தட்டியது.
பொலித்தீனுக்குள்ளிருந்து போனை எடுத்தேன்.
"சல்லியில நிக்கிறன்."
"சல்லியிலயோ?
எத்தினை பாகை பிழை?"
சிரிக்கிறாளா என்று பிடிபடவில்லை,
பின்னால் கந்தோர்ச் சத்தம்.
"லாண்ட்மாஸ்டர் பிடிச்சு அனுப்பட்டே?"
பொறு என்றேன்.

படகைச் சரித்து
நடுப்பலகையை உதைத்துக் கழற்றி
மடியில் வைத்துக்கொண்டு கத்தியை எடுத்தேன்.
நூலளவு போதும், ஒரு பக்கம் மட்டும்.
முதலில் மூக்கு போனது.
பிறகு கண்ணாடி.
போட்டுப் பார்த்தேன்,
இறங்குகிறது.