மும்முறை

ங என்ற எழுத்தில் தொடங்கும் ஒரு மனிதனை
ஊல்ம் நகரத்தில்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.
ங்வா.
கமரூன்காரன், நிலைப்படியில் குனிந்து நுழைகிற உயரம்.
பல்கலைக்கழக அலுவலகத்தில் திருமதி ராப்
அவனை எங்வா என்பாள். வங்கியில் நெக்வா.
என் வாயில் மட்டும் அந்தப் பெயர் வழுக்காமல் நின்றது.
ஙா ஙி ஙீ என்று ஒன்றாம் வகுப்பில் ஒப்பித்த
வேலைவெட்டியில்லாத வரிசை
இருபது வருடம் கழித்து
முதல் சம்பளம் வாங்கியது.

கழுதை மலை என்று பெயர் எங்கள் குன்றுக்கு.
இரண்டாம் எண் டிராம் அதில் முனகிக்கொண்டு ஏறும்.
தகவல் தொடர்புப் பொறியியல், முதுகலை.
முப்பத்தொரு பேர், பதினான்கு நாடு.
கண்டம் விட்டுக் கண்டம் செய்தி அனுப்பக் கற்க வந்தவர்கள்
பக்கத்து நாற்காலிக்கு வணக்கம் சொல்ல
நவம்பர் ஆயிற்று.

ங்வா எதையும் மூன்று முறை சொல்வான்.
"பால் தீர்ந்துவிட்டது. பால் தீர்ந்துவிட்டது. பால்."
எரிச்சலாக வரும்.
பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
பேராசிரியர் ஷ்டைட்லெ பலகையில் எழுதினார்:
0 என்பதை 000 என்று அனுப்பு, 1 என்பதை 111 என்று.
வழியில் ஒன்று கெட்டுப்போனாலும்
மிச்சமிருக்கும் இரண்டும் வாக்களித்து ஜெயிக்கும்.
வகுப்பு மொத்தமும் திரும்பி அவனைப் பார்த்தது.
எழுந்து, இடுப்பை வளைத்து, வணக்கம் வைத்தான்.
"பதினொரு பேர் இருக்கிற வீட்டில்
வேறெப்படிப் பேசுவது?"
பேராசிரியர் சிரித்தார்.
"இருப்பதிலேயே மோசமான குறியீடு இது.
அலைவரிசை வீண்."

இரவில் அவனுக்குப் பார்சல் கிடங்கில் வேலை.
நாலரைக்கு வந்து காலணியோடு தூங்குவான்.
நிகழ்தகவுப் புத்தகத்தில் விட்ட பக்கத்துக்கு அடையாளம்
பெட்டி ஒட்டும் நாடாவில் ஒரு துண்டு.
அது பல வாரம் ஒரே இடத்தில் இருந்தது.
நான் பார்த்தேன். சொல்லவில்லை.

தேர்வுக்கு இங்கே மூன்று வாய்ப்பு.
முதல் தடவை காய்ச்சல் என்றான்.
இரண்டாம் தடவை ஒன்றும் சொல்லவில்லை.
மூன்றாவது வாய்மொழி: முப்பது நிமிடம்,
எதிரே இரண்டு பேர், நடுவில் ஒரு தண்ணீர்ச் சீசா.
முந்தின இரவு சமையலறையில் கேட்டேன்,
அழிப்புத் தடத்தின் கொள்ளளவு என்ன?
"ஒன்றில் அழியும் விகிதத்தைக் கழி.
ஒன்றில் அழியும் விகிதத்தைக் கழி.
ஒன்றில்."
சரியாகத்தான் சொன்னான்.

மறுநாள், நடைவழி, காப்பி எந்திரத்தின் பக்கம் நான்.
கதவு திறந்தது.
"போச்சு" என்றான்.
ஒரே ஒரு முறை.
எந்திரம் அந்நேரம் பாலை நுரைக்கவைத்து இரைந்துகொண்டிருந்தது.
"என்ன?" என்றேன்.
காதில் விழுந்துதான் இருந்தது.
பெறுபவன் கேட்டால்
அனுப்புபவன் மறுபடி அனுப்ப வேண்டும்,
அதுதான் நெறிமுறை.
அவன் என் கோப்பையை எடுத்துக் குடித்தான்.

நீக்கக் கடிதத்தைத் தரும்போது திருமதி ராப்
"திரு ங்வா" என்றாளாம்,
அப்பழுக்கில்லாமல்.
வீட்டில் சொல்லிப் பார்த்திருப்பாள் போல.
அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

போலந்தில் ஒரு கல்லூரி, வேறு பாடம்.
சோற்றுக் குக்கரை எனக்கு விட்டுவிட்டுப் போனான்,
அதன் மூடி மட்டும் எப்படியோ அவனோடு போய்விட்டது.

நள்ளிரவில் ஒரு குரல்செய்தி.
ரயில், யாருடைய குழந்தையோ, காற்று,
அறுந்து அறுந்து அவன்:
"வந்துட்— … —துட்டேன். வ—"
ஒன்றுகூட முழுசாக இல்லை.
இதில் விழுந்த ஓட்டை அதில் அடைபட்டிருந்தது.

சரி, என்று அனுப்பினேன்.
சரி.
சரி.
அலைவரிசை வீண்தான்.