பொத்தான் மூன்று

நஜ்மாவிலிருந்து கிளம்பும்போதே இருபது நிமிடத் தாமதம்.
சாவி ஃப்ரிட்ஜுக்குள், லபன் புட்டிக்குப் பக்கத்தில்.
வைத்த கை என்னுடையதுதான்.
வைத்த நொடி மட்டும் என்னிடம் இல்லை.

நாற்பத்திரண்டு வயதில்
கவனக்குறைவு என்று பெயர் வைத்தார்கள்.
குறைவா?
ஏசியின் முனகல்,
மேல்மாடியில் யாரோ நாற்காலி இழுப்பது,
பதினைந்து வருடத்துக்கு முன் ஃபோர்மேன் சொன்ன ஒரு சொல்,
எல்லாவற்றின் மேலும் கவனம் இருக்கிறது.
நீங்கள் கேட்டதன்மேல் மட்டும்தான் இல்லை.

ஸ்கேன் அறையில் மாரிவிக் என்ற பிலிப்பினோப் பெண்
பெல்ட்டைக் கழற்றச் சொன்னாள்.
அசையாதீர்கள் என்றாள்.
அசையாமலிருக்கத் தெரிந்தால்
நான் எதற்கம்மா இங்கே வருகிறேன்.

சிமெண்ட் கலவை இயந்திரத்துக்குள்
தலையைக் கொடுத்தது போலச் சத்தம்.
கண்ணுக்கு மேலே சின்னக் கண்ணாடியில்
முகங்கள் வரும், இரண்டிரண்டு நொடி.
கோபமென்றால் பொத்தான் ஒன்று. பயமென்றால் இரண்டு.
ஒன்றுமில்லையென்றால் மூன்று.

வழுக்கைத் தலையர்: ஒன்று.
கம்மல் போட்டவள்: ஒன்று.
பாஸ்போர்ட் படத்துக்கு நிற்பவன் போல ஒரு பையன்.
விரல் ஒன்றுக்குப் போய்விட்டது.
விரலுக்குப் பின்னால்தான் நான் போனேன்.
அதற்குள் நெஞ்சு சூடாகி, காது சூடாகி
அந்தப் பையனுக்கு நான் என்ன செய்தேன் என்று
யோசிக்கத் தொடங்கியிருந்தேன்.

டாக்டர் ஷைலஜா படத்தைத் திருப்பிக் காட்டினார்.
வாதுமைப் பருப்பளவு, இதோ, இங்கேதான் மணி அடிக்கிறது.
நெற்றிக்குப் பின்னால் இருப்பவர் எழுந்து வந்து
யாருமில்லை, தூங்கு என்று சொல்ல வேண்டும்.
உங்களுக்கு அவர் கொஞ்சம் மெதுவாக வருகிறார் போலிருக்கிறது.
ஒருவரின் படத்தை வைத்து
எதையும் அறுதியிட முடியாது என்றும் சொன்னார்.
அதைப் பாதிதான் கேட்டேன்.
அவர் மேசைக் கடிகாரம் நான்கு நிமிடம் முந்தியிருந்தது.

எத்தனை மூன்றுகள்.
தட்டைக் கழுவிக்கொண்டே
ஒன்றுமில்லை என்று எத்தனை தரம் சொல்லியிருப்பாள் ரிஃபானா.
அந்த ஒன்றுமில்லையைப் பிடித்து உலுக்கி
ஏதோவொன்றாக ஆக்கும்வரை நான் விட்டதில்லை.
கடைசியில் கோபம் வந்தேவிடும் அவளுக்கு.
பார்த்தாயா, என்பேன்.

படங்கள் இருந்த சிடியோடு டாக்சி ஏறினேன்.
ஓல்டு ஏர்போர்ட் சாலையில் நெரிசல்.
தூசிக்காற்றில் கிரேன்கள் பாதிவரைதான் இருந்தன.

வீட்டு வாசலில் பையைத் தடவினேன்.
சிடி இல்லை.
கதவைத் திறந்தாள்.
அவள் முகம்.
விரல் துடித்தது.
ஷூவைக் கழற்றும் சாக்கில் குனிந்துகொண்டேன்.
இரண்டு நொடி. இன்னும் இரண்டு.
நெற்றிக்குப் பின்னாலிருந்து
செருப்பை இழுத்துக்கொண்டு யாரோ வருவதுபோல்தான் இருந்தது.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.
பெஷாவர் வாடையடிக்கும் உருதுவில் ஒரு குரல்:
"உறைமேல் உங்கள் நம்பர் இருந்தது பாய்.
உங்கள் மண்டை என் வண்டியில் இருக்கிறது."

குரலுக்கு முகமில்லை.
எந்தப் பொத்தான் என்று தெரியாமல் நிற்கிறேன்,
ஒற்றை ஷூவோடு.
ரிஃபானா கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.