கேப்பாங்க

ஹட்டன் நீதவான் மன்றத்தில்
எனக்கு இரவல் நாக்கு வேலை.
அவன் தமிழில் சொல்வதை
நான் சிங்களத்தில் சொல்ல வேண்டும், அதுவும் தன்மையில்.
"நான்தான் எடுத்தேன்" என்று அவன் சொன்னால்
"அவர் எடுத்தாராம்" என்று நான் சொல்லக் கூடாது.
மம, என்றேன்.
மம, மம என்று முற்பகல் முழுக்க
ஆறு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் எடுத்தேன்.

பெருமாள் கிரிஷாந்தன், வயது இருபத்து மூன்று,
கீழ்க் கணக்கு, ஏழாம் லயம்.
சாதாரண தரத்தில் கணிதம் ஏ.
கடையில் மிச்சக் காசு கூடுதலாக வந்தால்
திரும்பப் போய்க் கொடுப்பானாம்.
சட்டத்தரணி இதை மூன்று தரம் சொன்னார்,
நான் மூன்று தரமும் சிங்களப்படுத்தினேன்,
நீதவான் ஒரு தரமும் எழுதவில்லை.

பதினோரு வயதில், பீலிக்கரையில்,
பெரிய தொரையின் குரலில் பேசிக் காட்டியிருக்கிறான்.
பொடியன்கள் சிரிக்க வேண்டும் என்றுதான்.
சிரித்தார்கள்.
ஆனால் லயத்து முனையில் குந்தியிருந்த அவன் அப்பா
விருட்டென எழுந்து
மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டு நின்றார்.
குரலைத்தான் கேட்டார், ஆளைப் பார்க்கவில்லை.
"அப்ப உங்களுக்கு எப்படி இருந்தது?"
"பயமா இருந்திச்சி.
நல்லாவும் இருந்திச்சி."
இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைக்க
எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

வத்தளையில் ஒரு ஹாட்வெயார் கடை.
முதலாளி கடைசிவரை பேர் கேட்கவில்லை.
"தோட்டம், அந்த ஆணிப் பெட்டிய எடு."
ஒன்றரை வருடம் தோட்டம் என்ற பேரில் ஆணி எடுத்தான்.
பிறகு போனில் ஒரு குழு,
ஒருவர் முகம் ஒருவர் காணாத பதினாறு பேர்.
இரவு பத்து மணிக்கு அன்றைய நிறையைப் போட வேண்டும்.
லட்சத்துக்குக் கிலோ என்று பேர் வைத்ததே இவன்தான்.
குறைந்தவனுக்கு அரைப் பேர்.
சொல்லும்போது சிரித்தான்.
சிரிப்பை நான் மொழிபெயர்ப்பதில்லை.

வெள்ளையம்மாவின் சேமலாப நிதிப் படிவத்தை
நிரப்பிக் கொடுத்ததும் இவன்தான்,
கொமியூனிகேஷன் கடையில், காசு வாங்காமல்.
பணம் விழும் திகதி அவனுக்குத் தெரியும்.
மறுநாள் பேங்க் ஐயாவாகப் பேசினான்.
பென்ஷன் எடுத்தும் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போனவள்
மலையில் நின்றாள்.
போனைக் காதில் வைத்ததும்
கொங்காணியைக் கழற்றிவிட்டாளாம்.
ஐயாவிடம் தலையை மூடிக்கொண்டா பேசுவது?
ஆறு இலக்கம் வந்திருக்கும், வாசிங்க, என்றான்.
எழுத்துத் தெரியாது அவளுக்கு.
இலக்கம் தெரியும்.
தராசையே பார்த்துப் பார்த்து
கணக்கப்பிள்ளை வெட்டிய கிலோவை
சண்டை பிடித்து வாங்கிய கண்.
நாலு, சைபர், ஏழு, ஏழு, ரெண்டு, ஒம்பது.
ஒன்றும் பிழைக்கவில்லை.
"கெட்டிக்காரி" என்றாராம் ஐயா.

ஏன் சொந்தத் தோட்டத்தில்?
இதை நீதவானே கேட்டார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு.
கிரிஷாந்தன் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.
"அவங்கதான் கேப்பாங்க."

கேப்பாங்க.
காதால் கேட்பதா,
திருப்பிக் கேள்வி கேட்பதா,
சொன்னபடி கேட்பதா?
மேசையில் பேனா காத்திருந்தது.
மூன்றாவதைச் சொன்னேன்.
இரண்டாவதைச் சொல்லியிருந்தால்
பொய்ச் சாட்சியாகியிருக்கும்.

பதினான்காம் திகதிவரை விளக்கமறியல்.
வெளியே மழை.
கோட்டுப் படியில் வெள்ளையம்மா
என் முந்தானையைத் தொட்டு நிறுத்தினாள்.
பெருமாள் மகனுக்கு உள்ளே தேத்தண்ணி குடுத்தாங்களா என்றாள்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
"அந்தப் பொடியன் கெடக்கட்டும் தாயி,
போன்ல பேசினாரே, அந்த ஐயா,
அவரு எப்ப வருவாரு?"